விளையும் தலைமுறைகளும்

(இனயத்தில் நடைபெற்ற நூலக ஆண்டுவிழாச் சொற்பொழிவு)



ஒரு குடும்பம் ஐந்து தலைமுறைகளாக ஒரே நிலத்தை வெட்டிக் கிளைத்து, விதைத்து, அதன் பலனை உண்டு ஜீவித்து வந்திருக்குமானால், அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவன் ஜாதகக் கட்டுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் புரட்டிக்கொண்டிருப்பதைவிட, அந்த நிலத்தில் எந்த மரம் யாரால் எப்போது வைக்கப்பட்டது, எந்தப் பயிர் என்ன காரணத்தால் கைவிடப்பட்டது என்று விசாரித்து அறிவதே மேலான வழி என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். சமஸ்தானத்து மன்னர்களின் விளம்பரங்களும், அந்நிய தேசங்களில் நடந்த யுத்தங்களும், மலையடிவாரத்தில் எழுந்த அணைகளும், எங்கோ நிர்ணயமாகும் சந்தை விலைகளும் நம்முடைய விளைகளுக்குள் வந்து மரமாகவும் கிழங்காகவும் நின்றிருக்கின்றன. ஆகவே, பரம்பரை விவசாயம் என்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருளை, எங்கள் குடும்பத்தைப் போல விளவங்கோட்டுக் கடற்கரையை அடுத்து வாழ்ந்த சிறு விவசாயக் குடும்பங்களின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு விவரிக்க விரும்புகிறேன்.

இந்த ஊரின் பூஸ்திதி உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பக்கம் கடலும் வள்ளங்களும். கடற்கரை மணலுக்கு உள்ளே அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். கால்வாயைக் கடந்தால் தென்னையும் பனையும் நிறைந்த மணற்பாங்கு. அதற்கும் அப்பால் கருங்கல், கிள்ளியூர்ப் பக்கமாக ஏறிச்செல்லும் செம்மண் மேடுகள். அந்த மேடுகளுக்கு இடையே தாழ்ந்து கிடக்கும் ஏலாக்கள். மேட்டிலே ஒரு விளையும், தாழ்விலே ஏலாவில் ஒரு துண்டு வயலும் இருந்தால் அக்குடும்பம் விவசாயக் குடும்பம் என்று எண்ணப்பட்டது. விளை என்றால் ஒரே பயிர் நிற்கும் தோட்டமன்று. தென்னை, பனை, பலா, அயனி, கொல்லாமரம், புளி ஆகியவை மேலே நிற்க, அயனியிலும் பலாவிலும் நல்லமிளகுக் கொடி படர, நடுவிலே வாழை குலை தள்ள, அடியிலே சேனையும் காய்ச்சிலும் சேம்பும் மஞ்சளும் மண்ணுக்குள் பருத்துக்கொண்டிருக்கும். இடவத்திலே ஒரு மழையும் துலாத்திலே ஒரு மழையுமாக ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் பாக்கியம் வாய்த்த மண்ணாகையால், இவ்வளவு அடுக்குகளையும் தாங்கும் சக்தி அதற்கு இருந்தது. சாளை மிகுதியாகக் கிடைத்த நாள்களில் கடற்கரையிலிருந்து மீன் தென்னைமூட்டுக்கு உரமாக வந்தது. விளையிலிருந்து கிழங்கும் தேங்காயும் கடற்கரைக்குச் சென்றன. கடல் குடும்பமும் விளைக் குடும்பமும் ஒன்றை ஒன்று போஷித்து வந்த அந்த ஏற்பாட்டைச் சொல்லாமல் இனயத்தின் விவசாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது நியாயமாகாது.

ஆனால், இந்த அடுக்கு விவசாயம் ஆதிகாலம் முதற்கொண்டு இப்படியே இருந்தது என்று நினைப்பதும் தவறு. தென்னை வைக்கிறவன் அது காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பலன் முழுவதையும் பார்க்கிறவர்கள் அவனுடைய மக்களும் பேரர்களுமே. நிலம் தன்னுடையது என்ற உறுதி இல்லாதவன் அவ்வளவு நீண்ட காலத்தை நம்பிக் குழி தோண்டுவானா? திருவிதாங்கூரில் ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில், மாதவராவ் திவானாக இருந்தபோது, 1865-ஆம் ஆண்டில் பிறந்த பண்டாரவகைப் பாட்டம் விளம்பரம், சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு அனுபவித்து வந்த குடியானவர்களுக்கு அந்த நிலத்தை விற்கவும், ஒற்றி வைக்கவும், சந்ததிக்கு விட்டுச் செல்லவும் பூரண உரிமை அளித்தது. இன்று நம்மிடையே பல குடும்பங்கள் தங்கள் பூர்வீக நிலம் என்று சொல்லிக்கொள்வதன் சட்டபூர்வமான பூர்வீகம் அந்த விளம்பரத்திலேதான் இருக்கிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னே, 1855-இலேதான், நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் விற்கும் அடிமைமுறை இந்தச் சமஸ்தானத்தில் ஒழிக்கப்பட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஏலாவின் தொளியை முதன்முதலில் மிதித்துப் பண்படுத்தியவர்களுள் எத்தனையோ பேருடைய பெயர் எந்தப் பட்டாவிலும் ஏறவில்லை. பரம்பரை விவசாயத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தக் கடனையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

உரிமை கிடைத்த தலைமுறை மரம் வைத்த தலைமுறை. பனையிலிருந்து அக்கானி என்னும் பதநீரை இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதும், தென்னையிலிருந்து தேங்காய், ஓலை, கயிறு ஆகியவற்றை எடுப்பதும் அவர்களுடைய முக்கிய ஜீவனமாக இருந்தன. 1860-இல் தொடங்கி, திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு வெட்டப்பட்டு, மண்டைக்காட்டோடு நின்றுபோன நம்முடைய கால்வாய், போக்குவரத்துக்கு உதவியதைவிடக் தேங்காய் மட்டையாகிய கதம்பையை அழுகப்போடுவதற்கே அதிகமாக உதவிற்று எனலாம். உப்புச் சேர்ந்த நீரில் மாதக்கணக்காக ஊறிய கதம்பையை எடுத்துத் தல்லித் தும்பாக்கிக் கயிறு திரித்தவர்கள் பெண்கள். ஆண்கள் மரத்தில் ஏறிச் சம்பாதித்த காசு வரிக்கும் கடனுக்கும் போக, அடுப்பெரியச் செய்த காசு பெரும்பாலும் அந்தக் கயிற்றிலிருந்து வந்தது.

அந்தக் கயிறு உலக சரித்திரத்தில் ஓர் இடத்தையும் பெற்றது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைப் பரிசோதித்து, அதில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டார். தோரியம் தரும் அந்தக் கனிமத்துக்கு அக்காலத்து வாயு விளக்குகளின் வலைகளைச் செய்வதில் பெரிய தேவை இருந்தமையால், சில ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தொடங்கிற்று. நம் பெண்களின் கையிலிருந்து போன கயிறே நம் மண்ணின் மதிப்பை வெளியுலகுக்கு அறிவித்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இதற்கு நான் மீண்டும் வர வேண்டியிருக்கும்.

அடுத்த பெரிய மாறுதல் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கு. தென் அமெரிக்காவில் தோன்றிக் கடல் கடந்து வந்த இந்தக் கிழங்கை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, தாவர சாஸ்திரத்தில் ஈடுபாடு உடையவராதலால், ஏழைகளின் பஞ்சம் தீர்க்கும் பயிர் என்று உணர்ந்து பிரஜைகளிடையே பரப்பினார். பிற்காலத்தில் திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உண்டாக்கிய ஒரு ரகத்துக்கு ஸ்ரீ விசாகம் என்று அவருடைய பெயரையே இட்டார்கள். எனினும், அரசர் சொன்னதற்காக ஜனங்கள் உணவை மாற்றிக்கொள்வதில்லை. பசி சொன்னால்தான் மாற்றிக்கொள்வார்கள். உணவுக்கு வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர், 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் திகைத்து நின்றது. அந்த ஆண்டுகளில் பத்தாயம் வெறுமையாகக் கிடந்த வீடுகளிலெல்லாம் விளையின் ஒவ்வொரு மூலையிலும் மரச்சீனிக் கம்பு ஊன்றப்பட்டது. கிழங்கின் நச்சாகிய கட்டு நீங்குமாறு நன்றாக அவித்து, நீரை வடித்து, மீன் குழம்போடு உண்ணும் வழக்கம் வறியவர் வீட்டிலிருந்து எல்லா வீடுகளுக்கும் பரவியது அப்போதுதான். உயிர் காத்த அந்தக் கிழங்கே, சரிவான மேடுகளில் ஆண்டுதோறும் இடைவிடாமல் இடப்பட்டபோது, மேல்மண்ணை மழையோடு வழியவிட்டு நிலத்தை மெலியச் செய்தது என்பதையும் நம் பெரியவர்கள் கண்டார்கள். கண்டபின் வாழையோடும் பயறோடும் அதை மாற்றி மாற்றி இடக் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொள்வது என்று சொன்னேன். விவசாயி தானாகவே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான் என்பதும், வெளியார் வந்துதான் கற்பித்தார்கள் என்பதும் இரண்டும் அரைகுறை உண்மைகள். 1924-இல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஸ்தாபனத்தின் கிராம புனர்நிர்மாண நிலையத்தைத் தொடங்கிய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், பெரிய பண்ணைகளுக்கு உரிய யோசனைகளை இங்கே கொண்டுவரவில்லை. சில சென்ட் நிலமும் நாலைந்து கோழியும் உடைய குடியானவன் தன் சொந்தப் பிரயத்தனத்தால் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டார். மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பதும், முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்பதும் அப்படி வந்தவை. வீட்டுப் பின்புறத்தில் மரப்பொந்தைப் புகைபோட்டுக் கலைத்துத் தேன் எடுத்து வந்த குடும்பங்கள், அறுக்கும்போது கூட்டை அழிக்காமல், சட்டத்தைச் சுழற்றித் தேனைப் பிரித்து, ஈக்களை மறுபடியும் பெட்டியிலேயே குடியிருக்க விட்டன. 1991-92-இல் பரவிய வைரஸ் நோய் லட்சக்கணக்கில் கூடுகளை அழித்த பின்னரும், எஞ்சிய கூடுகளிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தார் தேனீ வளர்ப்பை மீண்டும் கட்டியெழுப்பினார்களே, அந்தத் தைரியத்துக்குக் காரணம் இரண்டு தலைமுறைப் பழக்கமாகும்.

இனி, நிலம் கூறு போன கதை. மாமன் சொத்து மருமகனுக்குச் சேரும் மருமக்கள் வழியைப் பின்பற்றிய குடும்பங்கள் பிரிவினை இல்லாமல் நெடுங்காலம் நிலத்தைப் பொதுவில் வைத்திருந்தன. நாயர்களுக்கு 1925-இலும், நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கு 1926-இலும் வந்த சட்டங்கள் தனிப்பங்கு கேட்கும் உரிமையைத் தந்தன. தந்தையின் சொத்து மகனுக்கு என்ற வழியில் வந்த குடும்பங்களில் பங்கு முன்பே உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஆண்களுக்கே உரிய பங்கு. 1916-இல் இயற்றப்பட்ட திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின்படி, மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே உரியது. கயிறு திரித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்களின் மக்களுக்கு இந்தச் சட்டம் செய்த அநீதி, மேரி ராய் வழக்கில் 1986-இல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பினால்தான் நீங்கிற்று. பங்குகள் பெருகப் பெருக நிலம் ஏக்கரிலிருந்து சென்டுக்கு இறங்கியது மெய்யே. ஆயினும், நிலம் சிறுத்தது என்பதற்காகப் பெண்ணின் உரிமை வந்ததைக் குறைகூறுவது தர்மமன்று. உரிமையைப் பகிர்ந்துகொண்டு சாகுபடியைச் சேர்ந்து செய்வது எப்படி என்று யோசிப்பதே நம்முடைய வேலை.

நீரின் சரித்திரம் வேறு விதமானது. மின்சின் என்ற பொறியாளரின் உழைப்பால் 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை நாஞ்சில் நாட்டு நெல்வயல்களுக்கு வாழ்வளித்தது. மேற்கே இருந்த நமக்கோ மழையும் குளமும் துலாக் கிணறும்தான் கதி. 1956 நவம்பர் 1-இல் நாம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த பிறகு, காமராஜர் ஆட்சியில் திட்டமிடப்பட்டு, பறளியாற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே 115 அடி உயரத்தில் எழுந்த மாத்தூர் தொட்டிப்பாலம், பட்டணங்கால் வாய்க்காலின் நீரை விளவங்கோட்டுப் பக்கம் கொண்டுவந்தது. 1966-இல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் உலகெங்கும் பரவலாயிற்று. கன்னிப்பூப் பருவத்தில் பொடிவிதைப்பும் கும்பப்பூப் பருவத்தில் நடவுமாக, கட்டிச்சம்பா போன்ற உயரமாக வளரும் நெல்களைப் பயிரிட்டு வந்த ஏலாக்களில் ரசாயன உரமும் புது விதையும் வந்தன, விளைச்சல் ஏறிற்று. பசியறியாத ஒரு தலைமுறை அதனால் வளர்ந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால், நெல் குட்டையானபோது வைக்கோலும் குறைந்தது. வைக்கோல் குறைந்தபோது மாடும் எருமையும் குறைந்தன. மாடு குறைந்தபோது விளைக்குப் போகும் சாணமும் குறைந்தது. வயலில் செய்த ஒரு மாற்றம் விளையின் மண்ணை எப்படித் தொட்டது என்பதை அன்று கணக்குப் பார்த்தவர்கள் சிலரே.

அதன் பின் வந்தது ரப்பர். அரசு ஆராய்ச்சி நிலையத்தின் ஆர்.ஆர்.ஐ.ஐ.105 என்ற ரகம் 1980-இல் வெளிவந்ததும், மலையடிவாரத்துக்கு உரியது என்று எண்ணப்பட்ட மரம் சிறு விளைகளுக்குள்ளும் இறங்கி வந்தது. ஏழு ஆண்டு வளர்த்தால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பால் தரும். கூலி கொடுக்காமல் வீட்டாரே விடியற்காலையில் வெட்டிச் சிரட்டையில் எடுக்கலாம். பிள்ளைகளின் படிப்புக்கு மாதாமாதம் காசு வரும். இவை பொய்யான வசதிகள் அல்ல. ரப்பர் ஷீட் விற்ற காசிலே படித்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கக்கூடும். ஆயினும், ரப்பருக்கு இடம் விட்டுப் பலாவும் அயனியும் கொல்லாமரமும் விழுந்தன. மரம் விழுந்ததும் நல்லமிளகுக்குப் பற்று இல்லாமற் போயிற்று. நிழல் மூடியதும் கிழங்குக்கு வெயில் இல்லாமற் போயிற்று. பல அடுக்காக நின்ற விளை ஒரே அடுக்காயிற்று. 2011-இல் கிலோவுக்கு 240 ரூபாய் வரை ஏறிய ஷீட்டின் விலை, 2016-இன் தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே விழுந்தபோது, விளையிலே வேறொன்றும் இல்லாத குடும்பங்கள் கடைக்குப் போய் மரச்சீனி வாங்கின. மறு ஆண்டு, 2017 நவம்பர் 30-இல், ஒக்கி புயல் வந்தது. நம் கடற்கரை தன் ஆண்மக்களைப் பறிகொடுத்த அந்த நாளின் துக்கத்துக்கு முன்னே மரங்களின் நஷ்டத்தைப் பேச நாக் கூசுகிறது. எனினும், ரப்பரும் வாழையும் இம்மாவட்டம் முழுவதும் சாய்ந்து கிடந்த அந்தக் காலையில், ஒரே வேரையும் ஒரே உயரத்தையும் உடைய மரங்களை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களே மீள்வதற்கு அதிகம் பாடுபட்டன என்பது நான் நேரில் கண்ட உண்மை.

பெரியோர்களே! இவ்வளவையும் கோத்துப் பார்க்கும்போது, பழைய முறையைக் காப்பாற்றியதனால்தான் இந்தக் குடும்பங்கள் பிழைத்தன என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்தத் தலைமுறையும் தன் தகப்பன் செய்தபடியே செய்யவில்லை. தென்னை வைத்தவனின் மகன் மரச்சீனி இட்டான், அவன் மகன் தேனீ வளர்த்தான், அடுத்தவன் உரமிட்டான், அதற்கடுத்தவன் பால் வெட்டினான். ஒவ்வொருவனும் மாற்ற முடிந்ததற்குக் காரணம், அவனுக்கு முந்தியவன் அவன் கையில் மாற்றுவதற்கு இடமுள்ள ஒரு நிலத்தை விட்டுச் சென்றதுதான். ஆகவே, புதிய முறை ஒன்று வரும்போது அது பழைமையானதா நவீனமானதா என்று கேட்பது பயனற்றது. அது மீளக்கூடியதா, மீளமுடியாததா என்று கேட்பதே அறிவுடைமை. ரப்பரை வெட்டிவிட்டு மீண்டும் தென்னையும் மிளகும் வைக்கலாம். காலம் பிடிக்கும், ஆனாலும் வைக்கலாம். ஐ.ஆர்.8-ஐ விட்டுக் கட்டிச்சம்பாவுக்குத் திரும்பலாம். விதையை யாரேனும் காப்பாற்றி வைத்திருந்தால் போதும். ஆனால், ஏலாவை மண்ணிட்டு நிரப்பி வீட்டு மனையாக்கிய பின் அதை எந்தச் சந்ததியும் மறுபடியும் ஏலாவாக்க முடியாது. ஏலா போனால், மழைநீர் தங்கி ஊறும் இடம் போய், மேட்டிலுள்ள கிணற்று நீரும் போகும்.

இதே அளவுகோலைக் கொண்டுதான் நம் கடற்கரைக்கு வரும் பெரிய திட்டங்களையும் அளக்க வேண்டும். 2016 ஜூலையில் இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்ததும், கடற்கரை ஜனங்கள் ஒன்றுபட்டு எதிர்த்ததும், பின்னர் அத்திட்டம் வேறிடத்துக்கு நகர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2024-இல் கிள்ளியூர் வட்டத்துக் கிராமங்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்கும் திட்டம் பேசப்பட்டது. 1909-இல் கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலின் கதை இங்கேதான் நம்மிடம் திரும்புகிறது. தேசத்துக்குக் கனிமம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், தென்னையும் பனையும் வேரோடிய மணலை ஒருமுறை தோண்டி எடுத்தபின், அடுத்த தலைமுறை அதில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்ற கேள்விக்கு விடை சொல்லாத எந்தத் திட்டத்துக்கும் நாம் சம்மதம் தருவது நம் பேரப்பிள்ளைகளின் கையெழுத்தை நாம் போடுவதற்குச் சமமாகும்.

இளைஞர்களுக்கு நான் சொல்லத்தக்கவை சில உண்டு. விளை முழுவதையும் ஒரு பயிருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ரப்பர் இருக்கட்டும், ஆனால் வேலியோரத்தில் பலாவும் அயனியும் மிளகும், ஒரு மூலையில் நாலு மூடு மரச்சீனியும் இருக்கட்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழையும், அதற்கு முன்பே அப்பெருமையைப் பெற்ற ஈத்தாமொழி நெட்டைத் தேங்காயும் நம் பாட்டன்மார் வீட்டுத் தேவைக்காகக் காப்பாற்றி வைத்தவை. அவற்றின் கன்றும் நாற்றும் உங்கள் நிலத்தில் இல்லாமற் போகவிடாதீர்கள். கதம்பையை எரித்துவிடாமல் தென்னைமூட்டில் மலர்த்திப் புதையுங்கள். கோடையில் அது நீரைப் பிடித்துவைக்கும். அண்ணனும் தங்கையும் பத்திரத்தில் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கிணற்றையும் வழியையும் சாகுபடியையும் பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எந்த மரம் எந்த ஆண்டு வைக்கப்பட்டது, எந்த ஆண்டு எது பொய்த்தது, என்ன விலை போயிற்று என்று எழுதி வையுங்கள். நம் முன்னோருடைய அறிவில் பெரும்பகுதி எழுதப்படாமையால் அவர்களோடே போய்விட்டது. உங்களுடையதும் அவ்வாறு போக வேண்டியதில்லை.

விவசாயத்தை விட்டு வேறு தொழிலுக்குச் செல்லும் பிள்ளைகளை நான் குறைகூறவில்லை. வளைகுடா நாட்டுக்கோ சென்னைக்கோ செல்கிறவர்கள் செல்லட்டும். அவர்கள் அனுப்பும் பணம் இந்த விளைகளையும் காப்பாற்றியிருக்கிறது. நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். நிலத்தை விற்கும்போதும், மரத்தை வெட்டும்போதும், வயலை நிரப்பும்போதும், உங்களுக்குப் பின் வருகிறவன் மனம் மாறினால் அவன் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நம்முடைய பாட்டனும் பாட்டியும், படிப்பறிவும் வசதியும் இல்லாதிருந்தும், நமக்காக அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு வசதியும் கல்வியும் பெற்றிருக்கும் நாம் அதைக் கேளாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.